யோசியாவுக்குப் பதினாறு வயதானபோது

கிறிஸ்து இயேசுவுக்குள் எனக்கு அன்பான சபையாரே,

வழக்கமாக ஒரு வேதபகுதியைத் தியானித்தே வாரச் சிந்தனையைத் தொடங்குவேன். இம்முறை, என்னிடம் கேட்கப்பட்டு நான் பதில் சொல்லத் திணறிய ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

சில வாரங்களுக்கு முன் நம் வாலிபர் கூடுகையில் ஒரு விவாதம் நடந்தது. பதினாறு வயதினருக்கு வாக்குரிமை அளிக்கும் தன் திட்டத்தை 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நம் நாட்டிலும் அப்படிச் செய்யலாமா என்பதே பிள்ளைகள் தெரிந்தெடுத்த தலைப்பு. இரு தரப்பினரும் நன்றாகவே பேசினார்கள். முடிவுரை சொல்லும்படி என்னை அழைத்தபோது, நான் அதிகம் யோசியாமல், "இன்னும் இரண்டு வருடம் பொறுத்திருங்கள், வளர்ந்தபின் எல்லாம் புரியும்" என்று சொல்லி ஜெபத்துக்கு ஆயத்தமானேன்.

அப்போது பதினோராம் வகுப்பில் படிக்கும் ஒரு மகள் எழுந்து நின்றாள். "ஐயா, போன வருடம் திடப்படுத்தல் ஆராதனையில் நான் சொன்ன 'ஆம்' உங்களுக்குப் போதுமானதாக இருந்ததே. அது வாக்குப் போடுவதைவிடப் பெரிய தீர்மானம் அல்லவா?" என்று கேட்டாள். அவள் குரலில் துடுக்கு இல்லை. உண்மையாகவே விடை தேடும் குரல் அது.

அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தபின் உறக்கம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து கேட்டு, அவள் தலைமேல் கை வைக்கப்பட்டபோது அருகில் நின்று ஆமென் சொன்னவன் நான். அவளே, தன் தெருவில் குடிநீர்க் குழாய் வருமா, தன் பள்ளிக்குப் பேருந்து வருமா என்பதைத் தீர்மானிப்பவரைத் தெரிந்தெடுக்கத் தகுதியற்றவள் என்று எந்த அடிப்படையில் சொன்னேன்? இந்தக் கேள்வியோடு வேதத்தைத் திறந்தேன். அதில் கண்டவற்றையும், அவை என்னைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்களில் பலர் என்னோடு உடன்படமாட்டீர்கள் என்று அறிவேன். ஆயினும் பொறுமையோடு இறுதிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, வேதம் வயதை எவ்வாறு கணக்கிடுகிறது என்று பாருங்கள். எண்ணாகமத்தின் நாலாம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரப் பணிக்கு எண்ணப்பட்ட லேவியரின் வயது முப்பது முதல் ஐம்பது வரை. அதே புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்திலோ இருபத்தைந்து வயது சொல்லப்பட்டிருக்கிறது. தாவீது ராஜா முதிர்வயதானபோது இருபது வயது முதலே லேவியர் எண்ணப்பட்டார்கள் என்று முதலாம் நாளாகமம் இருபத்துமூன்றாம் அதிகாரம் அறிவிக்கிறது. ஏன் இந்த மாற்றம்? அதற்கான காரணமும் அங்கேயே இருக்கிறது. லேவியர் இனி வாசஸ்தலத்தையும் அதன் பணிமுட்டுகளையும் தோளில் சுமந்து அலையவேண்டியதில்லை. ஜனம் எருசலேமில் நிலைகொண்டுவிட்டது. வேலை மாறியது, ஆகையால் வயதும் மாறியது.

பிரியமானவர்களே, இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். தேவனுடைய பரிசுத்த ஊழியத்துக்கே வயது கல்லில் எழுதப்பட்ட கட்டளையாக இருக்கவில்லை. இந்தப் பணிக்கு எத்தகைய பலம் தேவை, அது எந்த வயதில் வரும் என்று ஆராய்ந்தே எல்லை வகுக்கப்பட்டது. அப்படியானால் பதினெட்டு என்ற எண்ணில் மாத்திரம் மாறாத பரிசுத்தம் ஏதேனும் உண்டோ?

இரண்டாவது, யோசியாவை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதில் அவன் சிங்காசனம் ஏறியதை நம் ஞாயிறு பள்ளிச் சிறுபிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் நாளாகமக்காரன் குறிப்பிடும் அடுத்த கணக்கை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆளுகையின் எட்டாம் வருடத்தில், இன்னும் இளவயதினனாயிருக்கும்போதே, அவன் தேவனைத் தேடத் தொடங்கினான். எட்டும் எட்டும் பதினாறு. பன்னிரண்டாம் வருடத்தில், அதாவது இருபது வயதில், தேசத்தை விக்கிரகங்களிலிருந்து சுத்திகரிக்கத் தொடங்கினான். பதினாறு வயதில் தேடத் தொடங்கியவனே இருபது வயதில் செயல்பட்டான். தேடும் வயதில் "பொறுத்திரு" என்று மாத்திரம் சொல்லியிருந்தால், செயல்படும் வயதில் அவன் கையில் என்ன இருந்திருக்கும்?

"ரெகொபெயாமை மறந்துவிட்டீர்களா, ஐயா?" என்று உங்களில் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. முதியோரின் ஆலோசனையைத் தள்ளி வாலிபரின் ஆலோசனையைக் கேட்டதால் ராஜ்யம் இரண்டாகப் பிளந்ததே! நானும் அந்தப் பகுதியை வைத்து வாலிபருக்குப் பலமுறை எச்சரிப்புப் பிரசங்கம் செய்திருக்கிறேன். ஆனால் முதலாம் இராஜாக்கள் பதினாலாம் அதிகாரத்தின்படி ரெகொபெயாம் ராஜாவானபோது அவனுக்கு வயது நாற்பத்தொன்று. அவனுக்கு ஆலோசனை சொன்ன "வாலிபர்" அவனோடேகூட வளர்ந்தவர்கள். ஏறத்தாழ நாற்பது வயது மனிதர்கள் செய்த மதியீனத்துக்காகப் பதினாறு வயதுப் பிள்ளைகளை இத்தனை காலம் கடிந்துகொண்டிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாயிருந்தது.

இனி நம் தேசத்துக்கு வருவோம். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 326 ஆம் பிரிவு தொடக்கத்தில் வாக்களிக்கும் வயதை 21 என்று வைத்திருந்தது. 1988 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 61 ஆவது திருத்தம் 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்து அதை 18 ஆக்கியது. அந்த ஆண்டு எனக்கு 19 வயது. ஜனவரி 21 அன்று தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது நான் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்று பெரியவர்களை வேடிக்கை பார்த்தேன். அதே ஆண்டு நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தபோது என் விரலில் மை இருந்தது. இடைப்பட்ட பத்து மாதங்களில் எனக்குள் பெரிய ஞானம் ஏதும் இறங்கிவிடவில்லை என்பதற்கு நானே சாட்சி. மாறியது சட்டம் மாத்திரமே.

"மீசை அரும்பாத பையன்களுக்கெல்லாம் ஓட்டா? நாடு உருப்பட்டாற்போலத்தான்" என்று அக்காலத்தில் எங்கள் ஊர்ச் சபை வாசலில் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். நாடு அதனால் கெட்டுவிடவில்லை. வாலிபர்கள் தங்களுக்கு உரிமை தந்தவர்களுக்கே கண்ணை மூடிக்கொண்டு வாக்களிப்பார்கள் என்றும் சிலர் கருதினார்கள். வயதைக் குறைத்த அந்த அரசே அவ்வாண்டுத் தேர்தலில் ஆட்சியை இழந்தது என்பது வரலாறு. அன்று பதினெட்டைக் குறித்துச் சொல்லப்பட்டவற்றையே இன்று பதினாறைக் குறித்து நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று பரிகசிக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன் என்பதையே மறந்துபோனேன்.

பதினாறில் வாக்குரிமை என்பது எவரும் நடந்து பாராத பாதையும் அல்ல. பிரேசில் தன் 1988 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 16, 17 வயதினருக்கு, கட்டாயமின்றி விருப்பத்தின்பேரில், வாக்குரிமை அளித்தது. ஐரோப்பாவில் தேசியத் தேர்தலுக்கு 16 வயதை முதலில் ஏற்ற நாடு ஆஸ்திரியா; ஆண்டு 2007. அங்கே வயதைக் குறைத்ததோடு பள்ளிகளில் குடிமைக் கல்வியையும் வலுப்படுத்தினார்கள். 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 16, 17 வயதினர் பங்குபெற்றனர். தாங்கள் வாக்களித்ததாகச் சொன்னவர்கள் அவர்களில் 75 விழுக்காடு. 18 முதல் 24 வயதினரிலோ 54 விழுக்காடே என்று பிரிட்டனின் தேர்தல் ஆணையம் பின்னர் அறிவித்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய ஒரு காரணம் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது, ஞாயிறுதோறும் சபையில் இருக்கிறது. அதன் கையைப் பிடித்து முதல் முறை வாக்குச்சாவடிக்கு அழைத்துச்செல்ல யாரேனும் உண்டு. பதினெட்டிலோ பிள்ளை கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறது. விடுதியில் தங்கிப் படிக்கிறவன் தேர்தலுக்காக ஊருக்கு வருவதில்லை. சிலர் பட்டியலில் பெயரைக்கூடச் சேர்ப்பதில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுவதும் பட்டியலில் இருந்த 18, 19 வயது வாக்காளர்கள் ஏறத்தாழ 1.8 கோடி பேர். அந்த வயதில் நம் நாட்டில் இருப்பவர்களில் இது பாதிகூட இல்லை. நாம் வாசலைத் திறக்கும் நேரத்தில் பிள்ளை வீட்டைவிட்டுப் போய்விடுகிறது.

இனி எதிர்ப்புரைகளை நேர்மையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

"அப்பன் சொல்லும் சின்னத்துக்குத்தானே பிள்ளை வாக்களிக்கும்? ஒரு வீட்டுக்கு இரண்டு வாக்கு கூடுவதைத் தவிர வேறென்ன லாபம்?" என்பது முதலாவது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்கப்பட்ட காலத்திலும், கணவனுக்கு இரண்டு வாக்காகிவிடும் என்ற இதே வாதம் உலகமெங்கும் சொல்லப்பட்டது. அதையும் மீறி 1921 இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்து இந்திய மாகாணங்களுக்கு முன்னோடியாயிற்று. நம் வீட்டுப் பெண்கள் யாருக்கு வாக்களிக்கிறார்கள் என்று இன்று எந்தக் கணவனாவது நிச்சயமாய்ச் சொல்லக்கூடுமோ? பிள்ளைகளையும் நாம் அவ்வளவு எளிதாய்க் கணக்கிட்டுவிட முடியாது.

"முதிர்ச்சி இல்லை, எளிதில் ஏமாந்துபோவார்கள்" என்பது இரண்டாவது. 2016 மேயில் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகரிலும், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் அப்போது நடக்கவிருந்த தேர்தல்களைத் தேர்தல் ஆணையம் நிறுத்திவைத்தது, அல்லது ரத்துசெய்தது. காரணம், வாக்காளருக்குப் பணம் கொடுக்கும் அக்கிரமம். அந்தப் பணம் பதினாறு வயதினருக்காக அல்ல; மீசை நரைத்தவர்களுக்காகவும், பேரப்பிள்ளை கண்டவர்களுக்காகவும் கட்டுக்கட்டாய் வந்தது. தேர்தலுக்கு முந்தின இரவில் கதவு தட்டப்படும்போது அப்பா கவரை வாங்கி அலமாரியில் வைப்பதை, பாடப்புத்தகத்திலிருந்து தலை தூக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு நாம் முதிர்ச்சியைக் குறித்துப் போதிக்கிறோம். கசப்பாகத்தான் எழுதுகிறேன். சபையார் பலர் வீட்டில் அந்தக் கவர் வந்துபோனதை மேய்ப்பனாகிய நான் அறிவேன்.

மூன்றாவது எதிர்ப்புரையே என்னை அதிகம் தயங்கச் செய்கிறது. கட்சிகள் பள்ளி வளாகத்துக்குள் நுழைந்துவிடும். ஏற்கெனவே நம் தென் மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சாதி அறியும் கேடு இருக்கிறது. அதோடு கட்சிக் கொடியும் சேர்ந்தால் என்ன ஆகும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் தங்கள் வீட்டிலேயே சக மாணவரால் வெட்டப்பட்ட கொடுமையை நாம் மறக்கக்கூடாது. அதன் விளைவாக அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஆகவே இந்தப் பயம் வெறும் கற்பனையல்ல.

ஆயினும் யோசித்துப் பாருங்கள். அந்தக் கயிற்றைப் பிள்ளைகளின் கையில் கட்டிவிட்டவர்கள் யார்? வாக்குரிமை இல்லாததால் அரசியலின் நச்சு அவர்களை அண்டாமல் இருந்துவிட்டதா? கலவரத்துக்கும் கூட்டத்துக்கும் பிள்ளைகளை அழைப்பவர்கள் அவர்களுடைய வயதைக் கேட்பதில்லை. நல்ல வழியில் பேசவும் தீர்மானிக்கவும் இடம் தருவதற்கு மாத்திரம் வயதைக் கேட்கிறோம். சட்டமும் இவ்விஷயத்தில் ஒரே முகமாய் இல்லை. 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், உரிய ஆய்வுக்குப்பின் அவரைப் பெரியவராகப் பாவித்து விசாரிக்க இடமுண்டு. தண்டனைக்கு வரும்போது பெரியவன், உரிமைக்கு வரும்போது சிறுவன் என்பது நியாயமான தராசு அல்ல. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்பது நாம் அறிந்த சத்தியம். அதேவேளையில் ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லுகிறேன்: திருமண வயது, ஆபத்தான வேலைகளுக்கான தடை போன்ற, பிள்ளைகளைப் பாதுகாக்கும் வேலிகளில் ஒன்றும் தாழ்த்தப்படக்கூடாது. வாக்குரிமை ஒரு பொறுப்பு. அதைக் கொடுப்பதற்காகப் பாதுகாப்பைப் பறிக்கவேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்து நான் வந்திருக்கும் முடிவு இதுதான். பதினாறு வயதினருக்கு உள்ளாட்சித் தேர்தல்களில் முதலில் வாக்குரிமை அளிக்கவேண்டும். ஒரே நாளில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் அதைக் கொண்டுபோக வேண்டாம். ஜெர்மனியில் கீழ் சாக்சனி மாநிலம் 1996 இல் உள்ளூர்த் தேர்தல்களிலேயே தொடங்கியது. எஸ்தோனியா 2017 இல் அவ்வாறே செய்தது. நம் அரசியலமைப்பின் 326 ஆம் பிரிவு மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களைப் பற்றியது. ஊராட்சித் தேர்தல்களைக் குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றங்களுக்கு உண்டு. குடிநீர், தெருவிளக்கு, குப்பை, நூலகம், விளையாட்டுத் திடல் ஆகியவை பதினாறு வயதுப் பிள்ளை தன் கண்ணாலே கண்டு நியாயந்தீர்க்கக்கூடியவை. லேவியரின் வயது வேலைக்கு ஏற்றவாறு வகுக்கப்பட்டதுபோல, முதலில் சுமக்கக்கூடிய பாரத்தை அவர்கள் தோளில் வைப்போம். அதை உண்மையாய்ச் சுமந்தால் அடுத்ததைக் குறித்துப் பேசலாம்.

ஆனால் பிரியமானவர்களே, சட்டமன்றம் என்ன செய்யும் என்று காத்திருப்பதற்குமுன் நம் வீட்டையும் சபையையும் பார்ப்போம். அந்த மகளின் கேள்வி அரசாங்கத்துக்கு அல்ல, எனக்குத்தான் கேட்கப்பட்டது. அவளை நற்கருணைப் பந்திக்கு அழைத்தோம். ஆனால் சபையின் பொதுக்கூட்டத்தில் அவளுக்கு இருக்கை இல்லை. பாடகர் குழுவுக்கும், கிறிஸ்துமஸ் கீதபவனிக்கும், விருந்தில் இலை போடவும் அந்த வயதினர் வேண்டும். ஆலயக் கட்டட நிதியை எப்படிச் செலவிடுவது என்ற பேச்சு வந்தால் அவர்களை வெளியே போகச் சொல்லுகிறோம். பன்னிரண்டு வயதான நம் ஆண்டவர் தேவாலயத்தில் போதகர்களின் நடுவில் அமர்ந்திருந்தபோது, அவர் பேசுவதைக் கேட்க அந்தப் பெரியவர்களுக்குப் பொறுமை இருந்தது. அந்தப் பொறுமை நமக்கு உண்டா?

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, வரும் வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில் திடப்படுத்தல் பெற்ற பதினாறு வயதினர் அமர்ந்து கேட்கவும் பேசவும் அனுமதிக்கும்படி சபைக் கமிட்டியாரிடம் நானே முன்மொழியப்போகிறேன். வாக்களிக்கும் உரிமை நம் சட்டவிதிகளுக்கு உட்பட்டது. ஆனால் செவிகொடுத்துக் கேட்பதற்கு எந்த விதியும் தடையில்லை. எதிர்ப்பவர்கள் தாராளமாய் எதிர்க்கலாம். அந்தப் பிள்ளைகளின் முகத்துக்கு முன்பாக உங்கள் காரணங்களைச் சொல்லும்படி மாத்திரம் வேண்டுகிறேன்.

இரண்டாவது, பதினேழு வயது நிறைந்த பிள்ளைகள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். முன்பு ஜனவரி 1 மாத்திரமே தகுதி நாளாயிருந்தது. இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் தகுதி நாட்கள். இந்த மாதக் கடைசி ஞாயிறு ஆராதனைக்குப்பின் படிவம் 6 ஐ நிரப்ப வாலிபர் சங்கத்தார் உதவிசெய்வார்கள். வெளியூர் படிக்கப்போகும் முன்பே உங்கள் பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறட்டும்.

மூன்றாவது, பெற்றோரே, அடுத்த தேர்தலில் கதவு தட்டப்படும்போது உள்ளே ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்லி அந்தக் கவரைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு தகப்பனைக் கண்ட பிள்ளைக்கு, எத்தனை வயதில் வாக்குரிமை வந்தாலும் அதை என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருக்கும்.

அந்த மகளுக்கு நான் இன்னும் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். மகளே, உன் "ஆம்" எனக்குப் போதுமானதாகவே இருந்தது. அதை முழுதாய் நம்பாதது என் குறை.

ஜெபிப்போம்: எங்கள் பரம பிதாவே, சிறுவனாகிய சாமுவேலோடு பேசினவரே, எங்கள் பிள்ளைகள் உம்மைத் தேடத் தொடங்கும் வயதில் நாங்கள் அவர்களுக்குத் தடையாய் நிற்காதபடி காத்தருளும். அவர்கள் கையில் வரப்போகும் தேசத்தை விற்காமல் அவர்களிடம் ஒப்படைக்க எங்களுக்கு உண்மையுள்ள இருதயத்தைத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்